மூன்று வெயில்

புதுச்சத்திரம்
9.12.2024

சுகு,

மொட்டையாக ஆரம்பித்திருக்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. 'அன்புள்ள' என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதோடு சரி. அதையும் உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்.

முதலில் என் எண்ணைத் தடுத்து வைத்தாய். அப்புறம் நூல் மில் விடுதியில் போனையே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று உன் அம்மா சொன்னார். முகவரியும் அவரிடம்தான் வாங்கினேன். "எம் புள்ள மேல உங்களுக்கு ஏதாச்சும் கோவமுங்களா அம்மிணி?" என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் முட்டை அட்டை தேர்வாகிவிட்டது. கல்லூரியின் தொழில்முனைவோர் மன்றத்திலிருந்து போட்டிக்குப் பதினொரு யோசனைகள் போயின, நம்முடையது ஒன்றுதான் தேறியது. பிப்ரவரியில் கோவையில் அடுத்த சுற்று. கிழங்கு மில்லில் மிஞ்சுகிற மரவள்ளித் தோலையும், மாவு எடுத்த சக்கையான திப்பியையும் அரைத்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் முப்பது குழி அட்டை. முட்டை இறங்கியதும் அட்டையை மாட்டுக்குப் போட்டுவிடலாம், குப்பை என்ற பேச்சே இல்லை. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நடுவர்களில் ஒருவர் மேசையைத் தட்டினாராம். அது நீ எழுதிய வரி.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. உங்கள் மாடு செவலை விழுந்த அன்றைக்கு வந்த மருத்துவர் வயிற்று உப்புசம் என்று எழுதிக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன். அப்பா வேறு மாடு பிடித்துத் தருவதாக ஆள் அனுப்பினார். உன் அம்மா வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

உன் வருகைப் பதிவு குறைந்துகொண்டே போகிறது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார். ஒரு மாடு செத்ததற்கு யாராவது மூன்றாம் வருடப் படிப்பை விட்டுவிட்டு நூல் மில்லுக்குப் போவார்களா? எழுதிய பிறகுதான் தெரிகிறது, இது கேட்கக்கூடாத கேள்வி. அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாததா?

வந்துவிடு சுகு. பஸ்ஸில் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு போகிறேன்.

பிரியா

*

மில் விடுதி, பல்லடம் அருகே
22.12.2024

சண்முகப்பிரியாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "முட்டை அட்டைன்னா என்னம்மா?" என்று கேட்டார். இனிமேல் எழுதும்போது அதை நினைவில் வைத்துக்கொள்.

ஒரு மாடுதான். காலைப் பால் சொசைட்டிக்குப் போகும், மாலைப் பால் டீக்கடைக்குப் போகும். அதில்தான் நான் கல்லூரி பஸ் ஏறினேன். அம்மா உங்கள் மில்லில் கிழங்குத் தோல் சீவுகிற கூலி அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகப் போய்விடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாய். பரவாயில்லை.

நான் சௌக்கியம். நூற்புப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எப்போதும் ஒரே ஈரப்பதம் வைத்திருக்கிறார்கள், காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகுமாம். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று ஷிப்ட் முடிந்து வந்தால்தான் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இரண்டு காரியம் செய். நம் அட்டைக்குப் போட்ட விளம்பரத் தாளில் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா நிற்கிற படம் இருக்கும். அதை எடுத்துவிடு. மாட்டுக்குப் போடலாம் என்கிற வரியையும் எடுத்துவிடு. நான் எழுதிய வரி என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் எடுக்கச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு.

இவ்வளவு எழுதினாயே, கன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாய் விழும்போது அதற்கு இரண்டு மாதம். பால் குடிக்கிறதா, யாருடைய பால், புல் கடிக்கிறதா, அம்மா அதை எங்கே கட்டுகிறாள்? போய்ப் பார்த்து எழுது. அம்மாவிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள்.

பஸ்ஸில் யாராவது நின்றுகொண்டு வந்தால் அந்த இடத்தைக் கொடு.

சுகன்யா

*

புதுச்சத்திரம்
17.1.2025

சுகு,

படத்தை எடுத்துவிட்டேன். வரியை இன்னும் எடுக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கோபப்படாதே. வார்டன் அம்மாவும் படிக்கட்டும். படித்துவிட்டு உன்னிடம் கொடுத்தால் போதும்.

கன்று நன்றாக இருக்கிறது. பக்கத்துக் காட்டுச் சென்னியம்மாள் காலையில் ஒரு சொம்பு பால் கொடுக்கிறார். இப்போது புல்லும் கடிக்கிறது. உன் அம்மா அதை வாசல் வேப்பமரத்தில் கட்டுகிறார். செவலை நின்ற முளைக்குச்சியில் கட்டுவதில்லை.

பட்டிப் பொங்கலன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். பட்டியே இல்லாத வீட்டில் எதற்குப் பட்டிப் பொங்கல் என்று அவர் சும்மா இருந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. செவலை நின்ற இடத்தில் சாணத்தால் கரை கட்டி, மாடு மிதிப்பதற்குச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூ வைத்திருந்தார். கன்றின் சாணம் கரைக்குப் போதவில்லை என்று பக்கத்துக் காட்டில் வாங்கி வந்தாராம். குளத்தை மிதிக்கக் கன்று மாட்டேன் என்று அடம்பிடித்தது. தாயோடு மிதித்துப் பழகியிருந்தால்தானே? அவரே குனிந்து அதன் முன்னங்காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தார். "பட்டி பெருக" என்று தனியாகக் கூவினார். என் கையில் தட்டைக் கொடுத்திருந்தார், தட்டச் சொல்லி. நான் தட்டினேன். கூடக் கூவ எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பச்சைத் தோல் மாட்டுக்கு ஆகாது, மூன்று வெயில் காய்ந்தால்தான் போடலாம். இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் அட்டைக்கும் அதுதான் கணக்கு என்று முதல் நாளே நோட்டில் எழுதி வைத்தோம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மாடு அட்டையைத் தின்கிற வீடியோவை இருபத்திரண்டாம் தேதிக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அட்டைகள் கண்டது ஒரே ஒரு வெயில். மீதியை அப்பாவின் மில்லில் ஜவ்வரிசி வறுக்கிற இரும்புத் தட்டில் பரப்பி நாலு மணி நேரம் சூடு காட்டினேன். மேலே தொட்டுப் பார்த்தால் மொறுமொறுவென்று இருந்தது. பஸ்ஸில் நீ "மூணு வெயில் ஆச்சா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன்.

இருபதாம் தேதி உங்கள் வாசலில் நீ என் போனைப் பிடித்திருந்தாய், நான் அட்டைக் கட்டை வைத்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா செவலைக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டார். நீ பதில் சொன்னாய். நான் உன்னிடம் சொன்ன பொய்யை, உண்மை என்று நம்பி நீ சொன்னாய். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை காற்றுச் சத்தம், இரண்டாம் தடவை வெளிச்சம் போதவில்லை என்று ஐந்து தடவை எடுத்தோம். ஐந்து அட்டை. அது நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டபோது சிரித்தோம்.

வேதியியல் மேடத்திடம் போன வாரம்தான் கேட்டேன். மெல்லக் காயும்போதுதான் தோலில் இருக்கிற விஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுமாம். சட்டென்று சூடு காட்டினால் உள்ளேயே தங்கிவிடுமாம். கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

வரியை எடுக்காததற்கு இதுதான் காரணம். சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். கோவையில் எல்லோர் முன்னாலும் ஏன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்கப்போகிறேன். அப்பா தடுக்கிறார். "இது வெளிய தெரிஞ்சா ஊருல ஒருத்தன் நம்ம மில்லுத் தோலை வாங்குவானா?" என்கிறார்.

அதற்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீ சரி என்றால் நாளைக்கே போகிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் திரும்பி வா. தப்பு என்னுடையது, தண்டனை உனக்கு எதற்கு?

பிரியா

*

மில் விடுதி
2.2.2025

பிரியா,

உன் கடிதத்தை வார்டன் முழுக்கப் படிக்காமலே கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். இதையும் ஒட்டியே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லாதே. காரணம், நீ நினைப்பது போல எதுவும் நடக்கவில்லை.

எனக்கு இருப்பது மூன்று சுடிதார். அந்த நீலத்தை வெள்ளிக்கிழமை துவைத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை வரை கொடியில் ஈரமாகவே கிடந்தது. புதன்கிழமை காலையில் அந்த ஈர நாற்றத்தோடுதான் அதைப் போட்டுக்கொண்டு வீடியோ எடுக்க நின்றேன். புதுச்சத்திரத்தில் என் சுடிதாருக்கு அடிக்காத வெயில் உன் அட்டைக்கு மட்டும் எங்கிருந்து அடித்திருக்கும்? பஸ்ஸில் நீ "ஆச்சு" என்றபோதே எனக்குத் தெரியும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், வீடியோ நின்றுபோயிருக்கும்.

நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன் பிரியா. உன்னை விட அதிகமாக. நீ தோற்றால் அடுத்த வருடம் வேறு ஏதாவது செய்வாய். எனக்கு அது ஒன்றுதான். மேடையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அம்மா கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு எந்தப் புடவை கட்டிவிடுவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா கேட்டாள், "மூணு வெயில் கண்டுச்சா சாமி?" நான் போனைக் கீழே இறக்கக்கூட இல்லை. "கண்டுச்சும்மா, போடு" என்றேன். முதல் வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. நீ கேட்கவில்லையா? நான்தான் அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன். வெட்டாத வீடியோ உன் போனில் இருக்கும். அதை அழித்துவிடு.

செவலை வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்தபோது அம்மா என்னைத் திட்டவில்லை. விஷம் முறிய வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். புகட்டப் புகட்ட எல்லாம் வெளியே வந்தது. அப்புறம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தானே குடுத்தேன், அஞ்சு குடுத்தேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அதே வீட்டில் அவள் போட்ட சோற்றைத் தின்றேன். ஒரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். படிப்பு, பஸ், பால் எல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம்.

தன்மேல் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளை அப்படியே நினைக்க விட்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் எதுவும் இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும் சொல்ல முடியவில்லை. நீயும் சொல்லாதே.

நீ திருந்திவிட்டாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சுகன்யா

*

புதுச்சத்திரம்
23.2.2025

சுகு,

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன். தாளைக் கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

வீடியோவை அழிக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று அதைப் போட்டுப் பார்த்தேன். அதில் நீ மறந்துபோன ஒன்று இருக்கிறது. "கண்டுச்சும்மா, போடு" என்று நீ சொன்ன பிறகு உன் அம்மா உடனே கொடுக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். நடுவில் கட்டைவிரலால் அழுத்துகிறார். உன் பக்கம் பார்க்கிறார். அப்புறம்தான் செவலையின் வாய்க்கு நீட்டுகிறார். இதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

மறுநாள் எங்கள் மில்லில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய் உட்கார்ந்தேன். என் பொய்யைச் சொன்னேன். நிறுத்த முடியாமல் உன்னுடையதையும் சொல்லிவிட்டேன். அவர் சோற்றுத் தூக்குப் போசியை மூடி வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் குறித்து வைத்தேன், ஒரு வார்த்தை மாறக்கூடாது என்று.

"அது எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. மொத அட்டையக் கையில வாங்குனப்பவே தெரிஞ்சுது. மேல மொறமொறன்னு இருந்துச்சு, நடுவுல வெரலு பதிஞ்சுது. இருவது வருசமாத் தோலு காயப் போடற கையிங்க இது. அதனாலதான் கேட்டேன். கண்டுச்சுன்னு புள்ள சொன்னா. படிச்ச புள்ளைங்க, சூட்டுல ஏதோ பக்குவம் பண்ணியிருப்பாங்க, நமக்கென்ன தெரியும்னு எங்கைய நானே நம்பாம உட்டுட்டேன்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் அழவில்லை. போசியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவ எம்மேல கோவிச்சுக்கிட்டுப் போகலீங்களா? மாட்டை நாங் கொன்னுட்டேன், அதனால மூஞ்சியில முழிக்கப் புடிக்காம ஊட்ட உட்டுப் போயிட்டான்னுல்ல இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சுகு, மூன்று மாதமாக அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிழங்குத் தோல் சீவியிருக்கிறார். உன்னைப் பார்க்க மில் விடுதிக்கு வராதது அதனால்தான். வந்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று பயம்.

கோவையில் பதினைந்தாம் தேதி பேசினேன். வரியைப் படித்தேன், ஏன் எடுக்கிறேன் என்றும் சொன்னேன். நடுவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு நன்றி சொன்னார்கள். மறுநாள் பட்டியலில் நம் பெயர் இல்லை. மாட்டுத் தீவனம் என்ற பேச்சை விட்டுவிட்டு வெறும் அட்டையாகச் செய்யலாம் என்று வேதியியல் மேடம் சொல்கிறார். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கு வழி பார்க்க வேண்டும். எனக்கு இப்போது அச்சைத் தொடவே பிடிக்கவில்லை. மூடி மேலே அட்டாலிப் பரணில் போட்டுவிட்டேன். அப்பா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.

துறைத்தலைவரிடம் கேட்டேன். மார்ச் பத்தாம் தேதிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் தேர்வு எழுத விடுவாராம். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

அன்று மில்லிலிருந்து கிளம்பும்போது உன் அம்மா ஒன்று சொல்லி அனுப்பினார். "கன்னுக்குட்டிக்குத் தோலு காயப் போடப்போறேன்னு சொல்லுங்க. மூணு வெயில் கண்டுச்சான்னு அவளே வந்து தொட்டுப் பாத்துச் சொல்லட்டும். அவ சொன்னாப் போடறேன்."

பிரியா

*

மில் விடுதி
4.3.2025

பிரியா,

உன் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. இரண்டு தடவை நூல் அறுந்ததைக் கவனிக்காமல் நின்று திட்டு வாங்கினேன்.

உன்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

லீவு கேட்டேன். என் பிரிவில் ஆறு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள், இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் யாரையும் விட முடியாது என்றுவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். வார்டன் எனக்காக மேலே போய்ப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. பத்தாம் தேதி போய்விடும். துறைத்தலைவரிடம் நன்றி சொல்லிவிடு. பஸ்ஸில் அந்த இடத்தை இனிமேல் பிடித்து வைக்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறேன். நீ நன்றாக எழுது. கணக்குப்பதிவியல் தாளில் நேரம் போதாமல் விழிப்பாய், கடைசிக் கேள்வியை முதலில் எழுதிவிடு.

அம்மாவுக்கு என்மேல் கோபமில்லை என்று நீ எழுதவில்லை. அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்காக உன்னை எதுவும் கேட்க மாட்டேன். நானே போய் எதிரில் உட்கார வேண்டும்.

படித்த பிள்ளை என்று சொன்னாளாம். மூன்று வருடமாக நான் படித்தேன். நாலு தெரு கேட்க இங்கிலீஷில் பேசினேன். என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் தன் கையையே நம்ப முடியாமல் போய்விட்டாள். செவலை போனதை விட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதற்கெல்லாம் அவளிடம் பேசிப் பழக்கமில்லை.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறுவேன். நீ ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். மத்தியானம் வீட்டுப் பக்கம் வந்தால் போதும். வார்டன் இந்தக் கடிதத்தையும் ஒட்டித்தான் வாங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் இதை மட்டும் படித்துக் காட்டு. நான் வருகிற வரைக்கும் அந்தத் தோலைக் கன்றுக்குப் போட வேண்டாம். எத்தனை வெயில் கண்டிருந்தாலும் எடுத்து வைக்கட்டும். நான் வந்து தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருந்தால் காய்ந்திருக்கிறது என்று சொல்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்றால், "தெரியலைம்மா, நீயே பார்த்துச் சொல்லு" என்று சொல்லுவேன்.

சுகன்யா